பின் இருக்கையைப் பாருங்கள்

எங்கள் பழைய காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் பின் இருக்கையைத் திரும்பிப் பார்ப்பேன். மகள் உடன் வராத நாளிலும் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுச் சிறிது தூரம் நடந்த பிறகு மனம் கேட்காமல் திரும்பி வந்து, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து, வெளிச்சம் கூசாமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பேன். அவளுடைய குழந்தை இருக்கை காலியாக இருக்கும். வார்கள் தொங்கும். பிஸ்கட் தூள் கிடக்கும். அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குள் போவேன்.

"தினமும் என்னத்தத் தேடுறீங்க டீச்சர்?" என்று சக ஆசிரியை ஒருத்தி கேட்டபோது கைப்பேசி என்று சொல்லிவைத்தேன்.

வேறோர் ஊரில் காருக்குள் மறந்துவிடப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். ஊர் எதுவென்று எழுத மனம் வரவில்லை. அந்தத் தாய் படித்தவர், வேலைக்குப் போகிறவர், என்னைப் போல. குழந்தையைக் காலையிலேயே பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டதாக அவர் மாலைவரை நம்பிக்கொண்டிருந்தாராம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ஒரு வரிதான். அவர் பொய் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக் கொடுத்தது, கையசைத்தது எல்லாம் அவர் நினைவில் நடந்திருந்தது. தினமும் செய்கிற காரியம் என்பதால் செய்யாத நாளிலும் செய்ததாகவே மனம் எழுதிக்கொண்டுவிட்டது.

நானும் தினமும் அதையேதான் செய்கிறேன். ஈப்போவில் புந்தோங் பக்கம் எங்கள் வீடு. நான் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஓர் இடத்தில் இருக்கிறது. மூன்று வயது மகளைப் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். என் கணவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அக்கா அவருக்குப் பக்கத்து லயத்துக்காரர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயங்களை இடித்தபோது தோட்டத்தின் எல்லையில் கட்டிக்கொடுத்த சிறிய வீடுகள் ஒன்றில் இப்போது இருக்கிறார்.

நான் தைப்பிங்கில் வளர்ந்தவள். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். அரசாங்க வேலை, பிள்ளையார் கோயில், மாலையில் தவறாமல் பாடப் புத்தகம். தோட்டம் என்றால் பேருந்துச் சன்னலுக்கு வெளியே ஓடுகிற மரங்கள் என்றுதான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகுதான் அதற்குள் ஒரு பாதை இருப்பதையும், அதில் தினமும் போய்வர வேண்டியிருப்பதையும் அறிந்தேன்.

கார் மாற்றும் பேச்சு அந்தப் பாதையால்தான் வந்தது. பெரிய சாலையிலிருந்து பிரிந்தவுடன் தார் போய்விடும். செம்மண்ணும் சரளையும். இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். குலைகள் ஏற்றிய லோரிகள் எதிரே வந்தால் எங்கள் சின்னக் கார் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும். மழை பெய்தால் சிற்றாறு பாதைமேல் ஏறும். ஒருமுறை தண்ணீர் கதவின் அடிவரை வந்து, கால்வைக்கும் விரிப்பு நனைந்து, மகள் பின்னாலிருந்து "அம்மா, மீன் வருமா?" என்று ஆசையாகக் கேட்டாள். அன்று மாலை கணவர், கொஞ்சம் உயரமான வண்டி வாங்கிவிடலாம் என்றார். பெரிதாக வேண்டாம், சின்ன எஸ்யூவி போதும். தினமும் ஓட்டத் தோதாக இருக்க வேண்டும், பள்ளியின் குறுகலான நிறுத்துமிடத்தில் நுழைய வேண்டும்.

அவர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். பார்த்த அன்றே ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துவிட்டது அவருக்கு. இயந்திரம் எளிது, சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், சன்னல்கள் அகலம். அவ்வளவுதான் வேண்டும் என்றார். எனக்கு அது போதவில்லை. மதிப்புரைகளைப் படித்தேன். காணொளிகளைப் பார்த்தேன். தரையிலிருந்து எத்தனை உயரம், பின்பெட்டியில் தள்ளுவண்டி நுழையுமா, குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கி இருக்கையின் எந்த இடுக்கில் இருக்கிறது என்று பார்த்தேன். முதலில் பார்த்தது சரியா என்று மறுபடியும் பார்த்தேன்.

"மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்ளோ விசாரிக்கல போல?" என்றார் கணவர்.

"அதுனாலதான் இப்ப விசாரிக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறக் காரை நாங்கள் பார்த்தது ஈப்போவில், அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் விற்பனையாளராக இருக்கும் காட்சிக்கூடத்தில். அவரும் அதே தோட்டத்துப் பையன்தான். கழுத்துப்பட்டையும் வாசனையுமாக வந்து கணவரின் முதுகில் தட்டினார்.

"வா மச்சான். இன்னும் அந்தத் தகர டப்பாவதான் ஓட்டுறியா? தங்கச்சி, இவன நம்பாதீங்கலா. சின்ன வயசுலேர்ந்தே இவனுக்குப் பழசுமேலதான் ஆச."

சாம்பல் நிறக் காருக்குள் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பாதைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். பின்னால் வருவதைக் கேமரா காட்டும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பின்கதவைத் திறந்து மூடினார். இயந்திரத்தை உயிர்ப்பித்து, உடனே அணைத்தார். மூன்று மெல்லிய மணியொலி. திரையில் ஓர் இருக்கையின் படமும், பின் இருக்கையைப் பாருங்கள் என்று மலாய் மொழியில் ஒரு வரியும்.

"புள்ளய மறக்கவே விடாது இந்தக் காடி" என்றார். தோட்டத்துக்காரர்களுக்குக் கார் என்றால் காடிதான்.

நான் யாரிடமும் என் பயத்தைச் சொல்லியிருக்கவில்லை. கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தேன். அதனால் அந்த வரி திரையில் தோன்றியபோது யாரோ எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. இதுதான், வேறு வேண்டாம் என்றேன். நான் அப்படி உடனே சொல்கிறவள் இல்லை. கணவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"அவசரமில்லலா. ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க" என்று தோழர் காட்சிக் காரின் சாவியைக் கொடுத்தார். பழைய கார் அவருடைய கூடத்தின் பின்புறம் நின்றது.

பாதை பெரிய சாலையிலிருந்து பிரிகிற முனையில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. தகரக் கூரை, சிவப்புத் துணி சுற்றிய அரிவாள், எப்போதும் எரிகிற ஒரு விளக்கு. யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. கணவர் ஓட்டினால் அங்கே ஒருமுறை ஹார்னைத் தொடுவார். பேச்சை நிறுத்தாமலேயே, விரல் மட்டும் போய்வரும். நான் ஓட்டும்போது தொடுவதில்லை. அது என் வழக்கம் இல்லை.

அதைத் தாண்டினால் லயங்கள் இருந்த இடம். வீடுகளை இடித்தவர்கள் வாசற்படிகளை ஏனோ விட்டுவிட்டார்கள். சிமெண்டுப் படிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று படி ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் முடியும். பின்னால் செம்பனை இருட்டு. சில படிகளின் பக்கத்தில் செம்பருத்தி இன்னும் பூக்கிறது. எல்லையோரத்தில் மட்டும் சாய்க்காமல் விட்ட சில ரப்பர் பால்மரங்கள், பட்டையில் பால் இறக்கிய பழைய வெட்டுகள் வீங்கிப்போய். காலையில் அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடிகளை ஏற்றிவிடுவேன். தூசிக்காக என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

முதல் நாள் எல்லாம் நன்றாக நடந்தது. அக்கா வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்து மகளை இறக்கிவிட்டேன். அங்கிருந்து பள்ளி கூப்பிடு தூரம்தான். பள்ளியில் காரை அணைத்ததும் மணி ஒலித்தது. பின் இருக்கையைப் பாருங்கள். பார்த்தேன். காலி. திரையில் சரி என்ற பொத்தானைத் தொட்டேன். மாலையில் அவளை ஏற்றிக்கொண்டு ஈப்போ வந்து அணைத்தபோது மறுபடியும் மணி. பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்தது. என்னோடு சேர்ந்து பயப்பட இன்னொன்று இருக்கிறதே என்ற ஆறுதல்.

அடுத்து வந்த திங்கட்கிழமை மகளுக்குக் காய்ச்சல். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு வீட்டில் இருந்தார். நான் தனியாகப் போனேன். பள்ளியில் அணைத்தபோது மணி ஒலிக்கவில்லை. பின்கதவைத் திறக்கவே இல்லையே, ஒலிக்காததுதான் சரி. மாலையில் நல்ல மழை. மகள் தூங்கும்போது கட்டிக்கொள்கிற துணி ஒன்று அக்கா வீட்டில் கிடந்ததால் அதை எடுக்க நின்றேன். குடையோடு உள்ளே ஓடி, அக்கா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து, துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். துணியைப் பக்கத்து இருக்கையில் போட்டேன்.

செம்பனைக்குள் மாலை நான்கு மணியே அந்திபோல் கறுத்திருந்தது. துடைப்பான் விலக்குகிற இடத்தில் மட்டும் பாதை தெரிந்தது. முனியாண்டி கோயில் முனை வந்தபோது காருக்குள் ஏதோ கனத்தது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்று அப்படி எதுவும் தோன்றவில்லை. குளிர் அதிகம் என்று ஏர்கானைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

வீட்டு முகப்பில் காரை அணைத்தேன். மணி ஒலித்தது. பின் இருக்கையைப் பாருங்கள்.

திரும்பவில்லை. முதலில் கண்ணாடியில் பார்த்தேன். குழந்தை இருக்கையின் தலைப்பகுதி தெரிந்தது. அதன் பக்கத்தில் காலி இடம். நான் பின்கதவைத் திறக்கவில்லை. காலையிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கவில்லை. குடை முன்னால் என் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. துணி பக்கத்தில் இருந்தது. பிறகு திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சரி என்று தொட்டேன். ஒலி நின்றது.

மறுநாளும் மகள் வரவில்லை. அக்கா தூதுவளை ரசம் வைத்திருப்பதாகச் சொல்லி என்னை வரச்சொன்னார். உள்ளே போய்த் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, ரசம் சிந்தாமல் இருக்க முன்னால் கால்களுக்கிடையில் இறுக்கிவைத்து ஓட்டிவந்தேன். வீட்டில் அணைத்ததும் அதே மூன்று மணி.

புதன்கிழமை இடைவேளையில் விற்பனையாளருக்குப் பேசினேன். வண்டியில் ஏதோ கோளாறு, ஆள் இல்லாமலேயே மணி அடிக்கிறது என்றேன்.

"அப்படி அடிக்காதே தங்கச்சி. பின்கதவு தொறந்திருக்கணும்."

"நான் தொறக்கல அண்ணே."

"தொறந்திருப்பீங்கலா. பை வைக்க, குடை வைக்க."

"உள்ள ஆள் இருக்கான்னு பாக்க ஏதாவது வச்சிருக்காங்களா? கேமரா, எடை பாக்குறது, அந்த மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள யாரு இருக்கான்னு அதுக்குத் தெரியாது. பொறப்படறதுக்கு முந்தி கதவு தொறந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். தொறந்துச்சுன்னா அடிக்கும். அவ்ளோதான்."

கைப்பேசியை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நிழல் எப்படி விழுகிறது என்று பாடம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே யோசித்தேன். கார் பொய் சொல்லாது. இரண்டு மாலையும் பின்கதவு திறந்திருக்கிறது. திறந்தது நானாக இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று அந்தப் பாதையில் என் காரில் ஏறி, ஈப்போ வரை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறது. நானாக இருந்தால், பின்கதவைத் திறந்து மூடிவிட்டு, திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிற ஒருத்தி நான்.

எது மேல் என்று யாராவது கேட்டிருந்தால் பேய் என்று உடனே சொல்லியிருப்பேன். பேயாகவே இருக்கட்டும் என்று அன்று மனதார வேண்டிக்கொண்டேன். பேய் என்றால் அது என் மகளை என்ன செய்யும் என்று தெரியாது. ஆனால் நினைவு கைவிட்ட தாய் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் செய்தி முழுவதும் மனப்பாடம்.

காய்ச்சல் விட்டிருந்ததால் அன்று காலை மகளை அக்கா வீட்டில் விட்டிருந்தேன். விட்டேனா? வகுப்பின் நடுவில் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். வெயிலில் உள்ளே அனல் அலைந்தது. காலி. அக்காவுக்கு அழைத்து, பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டேன். "இப்பதான் பசியாறுனா டீச்சர், இந்தா பேசுங்க" என்று அவளிடம் கொடுத்தார். அவள் மூச்சு விட்டாள், பேசவில்லை. அது போதுமாயிருந்தது. அன்று அதே போல் இன்னும் இருமுறை வெளியே போனேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கணவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது.

அந்த மாலையும் மழைதான். மகள் ஏறியவுடனே தூங்கிவிட்டாள். லோரி ஒன்று பாதையில் புதைந்து கிடந்ததால் நெடுநேரம் காத்திருந்தோம். எனக்குத் தலைவலி. வீட்டு முகப்பில் காரை அணைத்தேன். மணி ஒலிக்கத் தொடங்கியது. முதல் ஒலி முடியும் முன்பே என் விரல் திரையில் சரி என்பதைத் தொட்டிருந்தது. மணி நின்றது. கைப்பையை எடுத்தேன். என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். ஒரு கால் தரையில்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

என் முதுகுக்குப் பின்னால் மகளின் குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு திரும்பினேன். அவள் கண்கள் மூடியிருந்தன. தூக்கத்தில்தான் பேசினாள். முகம், பக்கத்துக் காலி இடத்தை நோக்கித் திரும்பியிருந்தது. ஒரு கை, இடம் போதாதவர்கள் செய்வதுபோல், முழங்கையை மடக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் பேசாமல் இருந்திருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேனா? வீட்டு வாசல்தானே, இரண்டு எட்டில் ஞாபகம் வந்திருக்கும் என்று கணவர் பிறகு சொன்னார். இருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவள் பேசும்வரை, என் நினைப்பில், அந்தக் காரில் நான் தனியாக இருந்தேன் என்பது மட்டும்தான். அந்த வாரம் முழுக்க அந்த மணி, காலி இருக்கையைக் காட்டிக் காட்டியே என்னைப் பழக்கியிருந்தது. காலையில் மகளை இறக்கிய பிறகு பள்ளியில் ஒலித்தது. மாலையில் ஆளில்லாமல் ஒலித்தது. விரல் கற்றுக்கொண்டுவிட்டது. தலை திரும்ப மறந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, கணவர் சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். முழுவதும் சொன்னேன். கதவைத் திறந்த ஞாபகம் எனக்கு இல்லை, எனக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது, மருத்துவரைப் பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் நீங்களே பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள் என்றேன். அழக்கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது நீ இல்ல" என்றார். "அக்கா."

"எந்த அக்கா?"

"அக்காதான். பின்கதவத் தொறந்து சாத்துவாங்க. நான்தான் சொல்லிவச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தோட்டத்தில் லோரி ஓட்டியவர்கள் அந்தக் காலத்திலிருந்தே அப்படிச் செய்வார்களாம். எல்லையைத் தாண்டும் முன் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஏறியிருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாத்துவார்களாம். டவுனுக்குப் போக ஆசைப்பட்டுப் போகாமலே செத்தவர்கள் நிறையப் பேர். வண்டியைப் பார்த்தால் ஏறிக்கொள்வார்கள், கெட்டது செய்ய மாட்டார்கள், ஆனால் கூடவே வருவார்கள் என்பது அங்கே பேச்சு. எல்லையில் இருப்பது அக்காவின் வீடு. மகள் அங்கே போகத் தொடங்கிய நாளிலேயே இவர் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே பையை எடுக்கும் நேரத்தில், தெருப்பக்கத்துக் கதவை, எனக்குத் தெரியாமல்.

"பழைய காடில மணி இல்ல. அதுனால உனக்குத் தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தைப்பிங் டீச்சர் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

"நீங்கதான என்னப் பாத்துச் சிரிச்சீங்க. கண்ணாடில மூஞ்சிய வச்சுப் பாக்குறேன்னு."

கோப்பி ஆறிப்போய் ஏடு படிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பின் இருக்கையைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளாகப் பயந்திருக்கிறோம் என்று தோன்றியது. கோபமும் வந்தது, உடம்பு லேசாகவும் ஆனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்தது நிஜம். திறந்தது நானில்லை.

திங்கட்கிழமை காலை மகளை இறக்கிவிட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தலைமுண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி சொன்னிச்சு, செஞ்சேன். தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். புள்ள போற காடிலா."

"தப்பில்ல அக்கா. போன வாரம் ரெண்டு நாளும் நீங்க தொறந்தீங்கதானே? அத மட்டும் சொல்லுங்க. காய்ச்சல்னு பாப்பா வராத ரெண்டு நாள்."

"ரசம் வாங்க வந்தீங்களே, அன்னைக்குத் தொறந்தேன். புள்ள ஏறலன்னாலும் வீட்டுக்குத்தான போவுது காடி."

"அதுக்கு முந்தின நாள்?"

அக்கா யோசித்தார்.

"முந்தின நாள் நல்ல மழயாச்சே. நான் எங்க வெளிய வந்தேன்? உங்களுக்குத் தேத்தண்ணி கலக்கிட்டு உள்ளதான நின்னேன்."

தேத்தண்ணீர் எனக்கு நினைவிருக்கிறது. சீனி அதிகம். அக்கா எதிரே நின்றார் என்பதும் நினைவிருக்கிறது. இடையில் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வெளியே போனாரா? போனதுபோலவும் இருக்கிறது, போகாததுபோலவும் இருக்கிறது. அக்கா மறந்திருக்கலாம். தினமும் செய்கிற காரியம், செய்ததும் செய்யாததும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அல்லது நானே குடையைப் பின்னால் வைக்கப் பார்த்து, வேண்டாம் என்று முன்னால் கொண்டுவந்திருக்கலாம். அல்லது அந்த மழையில், ஒரு படியில் காத்திருந்து யாரோ. அக்காவிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னும் உறுதியாகச் சொல்லிவிடுவாரோ என்று பயமாயிருந்தது.

சாம்பல் நிறக் காரின் சாவியை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தோம்.

"என்ன தங்கச்சி, புள்ளய மறக்கவிடாத காடி இது. எல்லா அம்மாவும் இதத்தான் கேக்குறாங்க" என்றார் தோழர்.

"நல்ல கார்தான் அண்ணே. எனக்குத்தான் சரிவரல."

"மச்சான், நீதான் கெடுத்திட்டியா?"

"நான் ஒண்ணும் சொல்லலலா" என்றார் கணவர். அது உண்மைதான். தேர்ந்தெடுத்தது நான். எனக்காக நினைவு வைத்திருக்கும் ஒன்று வேண்டும் என்று தேடிப்போனேன். அது நினைவு வைத்தது கதவை. பிள்ளையை இல்லை. பிள்ளையை நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும், அதற்குக் கழுத்து திரும்ப வேண்டும், கண் பார்க்க வேண்டும். மணி ஒலித்தால் என் விரல் முந்திக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு அந்தக் காரில் அவளை ஏற்ற என்னால் முடியவில்லை.

வெள்ளைக் காரை வாங்கினோம். அதற்கு ஒன்றும் தெரியாது. அணைத்தால் அணைந்துவிடும். முதல் சில நாட்கள் அந்த அமைதியில் மணிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி, மாலை போட்டார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. தைப்பிங் போகும்போது மாலையைக் கழற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா வழக்கம்போல் தெருப்பக்கம் போனார். மகளை இருக்கையில் பூட்டிவிட்டு நான் அவரை நிறுத்தினேன்.

"நான் தொறக்குறேன் அக்கா."

அவர் ஒதுங்கி நின்றார். திறந்தேன். காலி இடம், அதற்கு அப்பால் மகள், கால்களை ஆட்டிக்கொண்டு. என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவைப் பார்த்தேன். அவர் சொல்லிக்கொடுத்தார்.

"ஏறியிருப்பவர்கள் தயவுசெய்து இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "காலைப் பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்புடுற தோட்டத்துக் கிராணி மாதிரி சொல்றீங்க டீச்சர். பயந்தே எறங்கிருவாங்க."

இப்போது தினமும் நானே செய்கிறேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்வேன். ஆனால் கதவைத் திறந்தால் பார்த்தாக வேண்டும். தொட்டு நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. காலையில் பள்ளி நிறுத்துமிடத்திலும் திறக்கிறேன், அங்கே வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈப்போ வீட்டு முகப்பிலும் திறக்கிறேன். எங்கே திறந்தாலும் கண் முதலில் அவள் இருக்கைக்குப் போகிறது, பிறகு பக்கத்து இடத்துக்கு, மறுபடி அவளிடம்.

நேற்று மழை. எல்லையில் கதவைத் திறந்து சொல்லிவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் திறந்துவைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒருவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். வயதானவராக இருந்தால் இன்னும் கொஞ்சம். சாரல் உள்ளே விழுந்து இருக்கை நனைந்துகொண்டிருந்தது.

"அம்மா, நனையுது" என்றாள் மகள்.

"கொஞ்சம் இரு."

அவள் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். பிறகு கதவு வழியாக வெளியே, பால்மரங்கள் நிற்கும் பக்கம் பார்த்தாள். பிறகு என்னை.

"ம். சாத்துங்க" என்றாள்.

சாத்தினேன். சுற்றிவந்து, அவள் பக்கத்துக் கதவையும் திறந்து, வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. பிறகு வண்டியை எடுத்தேன்.